வாசகர் கேள்வி: செய்தியின் அடியில் நீச்சல் நேரம்

கேள்வி: அக்கா, என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நீச்சல் வீரன் ஒருவனுக்குப் பாலியல் வழக்கில் ஆறு மாதம்தான் தண்டனை என்றாள். குற்றம் நிரூபணமான பிறகும் எப்படி அது? விளையாட்டுப் பக்கம் பார்த்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: விளையாட்டுப் பக்கம் என்றீர்களே, அங்கிருந்தே வருகிறேன். நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, செய்தியில் ஒரு வீரர் பெயர் வந்தால் போதும், எந்தப் பதக்கம், எத்தனை விநாடி என்று கை தானாக எழுதும். கல்யாணமோ கார் விபத்தோ, கடைசிப் பத்தியில் சாதனை ஏறிவிடும். பழக்கதோஷம்.

2015 ஜனவரியில், ஒரு விருந்து நடந்த இரவு, நினைவிழந்து தரையில் கிடந்த பெண்ணிடம் உங்கள் மகள் சொன்ன நீச்சல் வீரன் ப்ராக் டர்னர் அத்துமீறிக்கொண்டிருந்தான். சைக்கிளில் வந்த இரண்டு சுவீடன் மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். அவன் ஓட, துரத்திப் பிடித்து, போலீஸ் வரும்வரை அமுக்கி வைத்தார்கள். தனக்கு என்ன நடந்தது என்ற முழு விவரம் அந்தப் பெண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் வேலையிடத்தில் செல்போனில் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தச் செய்தியின் அடியில் அவனுடைய நீச்சல் நேரங்கள்! அப்படியானால் என் ஓட்ட நேரத்தையும் போடுங்கள், நான் நன்றாகச் சமைப்பேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு என் பழைய மேசை ஞாபகம் வந்தது. நானும் அந்த வரியைச் சேர்த்திருப்பேன், யோசிக்காமல்.

2016 மார்ச்சில் ஜூரி மூன்று குற்றங்களில் அவனைக் குற்றவாளி என்றது. அதிகபட்சம் 14 ஆண்டு கொடுக்கலாம். அரசுத் தரப்பு 6 ஆண்டு கேட்டது. என்ன தண்டனை தரலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரை எழுதும் நன்னடத்தை அதிகாரியோ, பையன் பாடுபட்டு வாங்கிய நீச்சல் உதவித்தொகையை இழந்துவிட்டான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதாவது, இழப்பதற்கு நிறைய வைத்திருந்தவனுக்கு அந்த இழப்பே பாதித் தண்டனை ஆகிவிடுகிறது. ஒன்றுமே இல்லாதவன் எதை இழந்து காட்டுவான்?

டர்னரின் அப்பா நீதிபதிக்கு எழுதிய கடிதம் இன்னொன்று. மகனுக்குப் பெரிய மாட்டிறைச்சித் துண்டாகப் பார்த்து வாங்கி வருவாராம்; இப்போது அவன் உயிர் வாழ மட்டும் சாப்பிடுகிறானாம். 'இருபது நிமிடச் செயலுக்கு' இது பெரிய விலை என்றும் எழுதினார். பெற்ற மனசு, சரி. ஆனால் நீதிபதி ஆரன் பெர்ஸ்கியும் ஏறக்குறைய அதே திசையில் பேசினார், சிறைத் தண்டனை அவனைக் கடுமையாகப் பாதிக்கும் என்று. அவரும் ஸ்டான்ஃபோர்டில் படித்து, அங்கே லக்ராஸ் (வலைக்கோலால் பந்து ஆடும் விளையாட்டு) அணிக்குத் தலைவராக இருந்தவர். வேண்டுமென்றே சலுகை காட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன். கூண்டில் நின்றவனின் வருங்காலம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அவர் கொடுத்த ஆறு மாதத்தில் மூன்றே மாதம் உள்ளே இருந்துவிட்டு, செப்டம்பரில் அவன் வெளியே வந்தான்.

அப்புறம், 2018 ஜூனில் மக்கள் வாக்களித்து அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 1932-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். எனக்கு அதில் அரை மனசு. இதைப் பார்த்துப் பயந்து மற்ற நீதிபதிகள் கூடுதல் தண்டனை கொடுத்தால், அகப்படப்போவது ஏழைகளும் கறுப்பினத்தவரும்தான் என்று வசதியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் இலவச வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அதைவிட, நினைவில்லாதவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினால் சிறை கட்டாயம் என்று 2016-இலேயே சட்டத்தைத் திருத்தினார்களே, அதைத்தான் உங்கள் மகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் 2019-இல் சானல் மில்லர் என்று தன் பெயரைத் தானே வெளியிட்டார். நீதிமன்றத்தில் அவர் வாசித்த அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது; மகளை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். தன் கட்டிலுக்கு மேலே தானே வரைந்த இரண்டு சைக்கிள்களை ஒட்டிவைத்துவிட்டுத் தூங்குவதாகக் கடைசிப் பக்கத்தில் சொல்கிறார்.