பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்ட தம்பிக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, நீங்களும் ஏழு வயது மகனும் கூடவே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. எது சொன்னாலும் "மாட்டேன்". கத்தல், சாமான் வீச்சு, "உன்னாலதான்" என்று உங்கள் மேலேயே பழி. வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளியில் இருந்து போன். இதையெல்லாம் கேட்டுவிட்டு, கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் உங்கள் அப்பா பாளையங்கோட்டையில் ஒரு ஹாஸ்டலைப் பேசி வைத்துவிட்டார். "அனுப்பிவிடலாமா அண்ணாச்சி?" என்பது உங்கள் கேள்வி.

அனுப்பாதீர்கள் தம்பி.

நான் பக்கத்து அம்பாசமுத்திரத்துக்காரன். இங்கிலாந்துக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மூத்த மகளுக்கு ஆறு வயதில் 'அப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸார்டர்', அதாவது பெரியவர்களை விடாமல் எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இதை எழுதுவது ஊரில் உட்கார்ந்துதான். பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறோம். எங்கள் தெருவில் பத்து பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் உங்கள் அப்பா கட்சிதான். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அங்கே கொண்டு போய் விட்டால் எந்தப் பிள்ளையும் திருந்திவிடும் என்ற நம்பிக்கை எளிதில் போகாது.

ஆச்சி வீட்டில் முதல் ஒரு மாதம் உங்கள் மகன் தங்கமாகத்தான் இருப்பான். "எங்ககிட்ட நல்லாத்தான இருக்கான், உங்களுக்குத்தான் வளர்க்கத் தெரியல" என்று போன் வரும். காரணம் இருக்கிறது. இந்தக் கோளாறு உள்ள பிள்ளைகளின் முறைப்பு, நன்றாகப் பழகிய ஆட்களிடம்தான் முழுசாக வெளியே வரும். புது ஆளிடம், ஏன் டாக்டர் முன்னாலேயே, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். தவிர, ஆச்சி அவனை எட்டு மணிக்குள் கிளம்பச் சொல்ல மாட்டார், போனைப் பிடுங்க மாட்டார். ஏவல் இல்லாத இடத்தில் எதிர்ப்புக்கு என்ன வேலை? ஹாஸ்டலில் வேறு கதை. அங்கே நாள் முழுக்க ஏவல்தான், கூட அம்மா அப்பா இல்லை. வார்டனிடம் நான்கு தடவை முறைத்தால் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அப்போது அவன் உங்களிடம் திரும்பி வருவான், என்னை வேண்டாம் என்று அனுப்பினார்கள் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டு.

முதலில் அவனுக்கு இருப்பது இதுதானா என்று பார்க்க வேண்டும். டாக்டர்கள் கணக்கு இப்படி: சட்டென்று கோபம், தொட்டதற்கெல்லாம் சிணுங்கல், எரிச்சல், பெரியவர்களோடு வாதம், சொன்னதை மறுத்தல், வேண்டுமென்றே சீண்டல், தன் தப்புக்கு அடுத்தவர் மேல் பழி, வஞ்சம் வைத்தல். இந்த எட்டில் குறைந்தது நான்கு, ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடுவது மட்டும் கணக்கில் வராது. ஐந்து வயதுக்கு மேல் என்றால் வாரம் ஒரு தடவையாவது நடக்க வேண்டும். வஞ்சத்துக்கு மட்டும் ஆறு மாதத்தில் இரண்டு தடவை போதும். வீடு, பள்ளி, விளையாடும் இடம் என்று மூன்று இடத்திலும் இருந்தால் கடுமையானது என்பார்கள்.

உங்கள் மகன் வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் மறக்காதீர்கள். நாள் முழுக்கப் பாதி புரிந்தும் புரியாமலும் இங்கிலீஷில் உட்கார்ந்திருந்து, அடக்கி வைத்ததை எல்லாம் வீட்டு வாசலில் கொட்டுகிற பிள்ளைகள் உண்டு. அதனால் ஊரில் இருக்கும்போதே இப்படித்தானா என்று நேர்மையாக யோசியுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, தூக்கம் எப்படி, கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. இருக்கிறதா, ஆட்டிசமா, இதெல்லாம் பார்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி. பல பிள்ளைகளுக்கு இதோடு சேர்ந்தே வரும். அதற்கு மருந்து உண்டு, கொடுத்தால் இதுவும் பாதி தணிவதைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்து நிற்பதற்கு என்று தனி மாத்திரை கிடையாது. சொரிமுத்து அய்யனாருக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னால் நேர்ந்துகொள்ளுங்கள், நானும் நேர்ந்தவன்தான். உங்கள் பகுதி டாக்டரான ஜி.பி.யிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது, நம் ஆட்கள் ஒத்துக்கொள்ளச் சிரமப்படும் விஷயம். இதற்கான வைத்தியத்தில் பயிற்சி நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2013-ல் கொடுத்த வழிகாட்டுதலில், மூன்று வயது முதல் பதினொன்று வரையுள்ள பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது பெற்றோருக்கான குழுப் பயிற்சி. பொதுவாகப் பத்து முதல் பதினாறு கூட்டங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். 'இன்கிரெடிபிள் இயர்ஸ்', 'டிரிபிள் பி' என்ற பெயர்களில் பல கவுன்சில்களில் நடக்கும். பெரும்பாலும் காசு கிடையாது. "எனக்கா கிளாஸ்?" என்று எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஏன் நமக்கு என்றால், அமெரிக்காவில் ஓரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடு வீடாக ஆள் விட்டு, குடும்பங்கள் பேசிக்கொள்வதைக் கவனித்துக் குறித்தவர். அவர் கண்டதை நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துச் சொல்கிறேன். "போனை வை" என்கிறீர்கள். அவன் கத்துகிறான். நீங்கள் சத்தத்தை ஏற்றுகிறீர்கள், அவன் தட்டைத் தள்ளுகிறான். "சரி, அஞ்சு நிமிஷம்" என்கிறீர்கள். கத்தல் நின்றுவிடுகிறது. கத்தினால் கிடைக்கும் என்று அவன் படித்துக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று நீங்கள் படித்துக்கொண்டீர்கள். இன்னொரு நாள் நீங்கள் கை ஓங்குகிறீர்கள், அவன் போனை வைத்துவிடுகிறான். இப்போது கை ஓங்கினால்தான் வேலை நடக்கும் என்று உங்களுக்குப் பாடம். அடுத்த தடவை ஓங்கினால் போதாது. இரண்டு பேருக்கும் லாபம் கிடைத்துக்கொண்டே இருப்பதால் இரண்டு பேருமே நிறுத்துவதில்லை. இதில் ஒரு பக்கத்தை மட்டும் ஃபிளைட் ஏற்றி அனுப்பினால் என்ன மாறும், சொல்லுங்கள்.

பயிற்சியின் முதல் வாரங்களில் கண்டிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. தினமும் கொஞ்ச நேரம், பத்து நிமிஷம் போதும், அவன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, சொல்லிக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. "சிவப்புக் கட்டையை மேல வச்சிட்டியா" என்று நடப்பதைச் சொல்லலாம், அவ்வளவுதான். செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நம் வாய் சும்மா இருக்காது, "இது என்ன கலர்?" என்று பரீட்சை வைக்கப் போய்விடும்.

அப்புறம் பாராட்டு. நம் ஊரில் பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்ணு பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும். என் அப்பா என்னை ஒரு தடவை பாராட்டியதாக ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கு இது கடைசிவரை இயல்பாக வரவில்லை, ஆனாலும் செய்தேன். பொத்தாம் பொதுவாக "குட் பாய்" என்பதில் பயனில்லை. "தட்டை நீயே கொண்டு போய் வச்சிட்டியே, நல்லது" என்று செய்த காரியத்தைச் சொல்லி, செய்த அந்த நிமிஷமே பாராட்ட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கட்டளை. அடுப்படியில் இருந்து கத்தாமல், பக்கத்தில் போய், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். "குளிக்கப் போறியா?" என்று கேட்டால் "இல்லை" என்பதும் ஒரு பதில்தான்; "சட்டையைக் கழட்டு, குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். நாம் சொன்னதையே ஐந்து தடவை சொல்லும்போது, முதல் நான்கு தடவை கேட்க வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கேட்கவில்லை என்றால் என்ன நடக்கும் என்பது சின்னதாக, முன்பே சொன்னதாக, தினமும் ஒரே மாதிரி நடப்பதாக இருக்க வேண்டும். நீங்கள் மசியாத முதல் நாட்களில் அவன் கத்தல் கூடும், குறையாது. பலர் அங்கேதான் "இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைக்குத்தான் சரிவரும்" என்று கைவிடுகிறார்கள்.

ஊரில் இது எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு ஜூலைக் கடைசியில் விடுமுறை விட்டால் ஆறு வாரம். நம் பக்கம் அப்போது குற்றாலத்தில் சீசன். ஒரு வருஷம் ஐந்தருவியில் சொந்தக்காரர்கள் முன்னால், ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாள் மகள். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. "பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டு வாய் ஆவாது" என்கிறார் பெரியம்மா. "ஒரு போடு போடுல, தானா எந்திரிப்பா. அடியாத மாடு படியாது" என்பது மாமா. மாமியார் அதற்குள் மங்குஸ்தான் வாங்கித் தருவதாகப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்து, "துண்டு இங்க இருக்கு. துவட்டிட்டு வா, கிளம்பலாம்" என்றேன். அப்புறம் பேசவில்லை. "நீ கெட்ட அப்பா" என்று இங்கிலீஷில் கத்தினாள்; நான் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரை என் மனைவி கையைப் பிடித்து வேன் பக்கம் கூட்டிப் போய்விட்டாள், அது பெரிய உதவி. வெகுநேரம் கழித்து மகள் துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். "துண்டை எடுத்துக்கிட்டயே, நல்லது" என்றேன். மாமாவுக்குத் தாங்கவில்லை. "இதுக்குப் போயி பாராட்டா! வெளங்கும்" என்றார். அன்றைக்கு அவர் என்னோடு பேசவே இல்லை.

அடி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை அடித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஸ்காட்லாந்தில் 2020 நவம்பரில் இருந்தும் வேல்ஸில் 2022 மார்ச்சில் இருந்தும் பெற்ற பிள்ளையை அடிப்பது முழுக்கக் குற்றம். இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்று ஒரு சின்னச் சந்து மட்டும் சட்டத்தில் இருக்கிறது. தடம் விழுகிற மாதிரி அடித்தால் அதுவும் கிடையாது. பிள்ளை போய்ச் சொன்னால் டீச்சர் மேலே சொல்லியே ஆக வேண்டும். சட்டத்தை விடுங்கள், இந்த வகைப் பிள்ளைகளிடம் அடி எடுபடாது. மேலே சொன்ன சாப்பாட்டு நேரச் சண்டை, ஏலம் மாதிரி இரண்டு பக்கமும் இன்னும் ஏறுவதுதான் மிச்சம். சோஷியல் வொர்க்கர் வந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் பரப்புகிற பயத்தையும் அப்படியே நம்பாதீர்கள். சம்மதம் இல்லாமல் பிள்ளையை எடுக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும். உடனடி ஆபத்து என்றால் மட்டும் போலீஸ் 72 மணி நேரம் வரை பாதுகாப்பில் வைக்கலாம். பெரும்பாலும் வருகிறவர்கள் விசாரித்துவிட்டு, பெற்றோர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கத்தான் சொல்வார்கள்.

பள்ளியிடம் மறைக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் 'சென்கோ' என்று ஒரு ஆசிரியர் இருப்பார், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பார்க்கிறவர். அவரிடம் எழுத்தில் சந்திப்பு கேளுங்கள். "இன்னைக்கு மூட் சரியில்லை, மத்தியானமே கூட்டிட்டுப் போங்க" என்று பதிவு இல்லாமல் அனுப்புவது அங்கே சட்டப்படி தப்பு. அனுப்புவதானால் முறையாக சஸ்பென்ஷன் என்று எழுதித் தர வேண்டும், அதுவும் ஒரு கல்வி ஆண்டில் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் சொல்லும் வாராந்தரப் போன் இந்த ரகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பள்ளி தன்னால் முடிந்ததைச் செய்தும் போதவில்லை என்றால் 'இ.எச்.சி. பிளான்' (பிள்ளைக்கு என்னென்ன சிறப்பு உதவி தர வேண்டும் என்று எழுதித் தரும் திட்டம்) கேட்டு நீங்களே கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம், 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இதற்கெல்லாம் இலவசமாக வழி சொல்ல உங்கள் பகுதியில் 'சென்டியாஸ்' சேவை இருக்கும்.

விசாவுக்குப் பயந்துதான் இதுவரை எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவிப் பணம்) வாங்கக் கூடாது என்ற விசா நிபந்தனை, அரசுப் பள்ளியையும் அங்கே தரும் சிறப்பு உதவியையும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சையையும் தொடாது. சைல்டு பெனிஃபிட், பிள்ளைக்கான ஊனமுற்றோர் உதவித்தொகை, இந்த மாதிரிப் பணம்தான் அந்தப் பட்டியலில் வரும். அதற்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். மற்றதைத் தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு வேண்டும். மனைவி நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கும்போது நீங்கள் ஒரு சட்டம், அவர் எழுந்ததும் இன்னொரு சட்டம் என்றால் எதுவும் நிற்காது. இரண்டே இரண்டு விதியைப் பேசி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அடிக்கக் கூடாது, பொருளை உடைக்கக் கூடாது, இவை மட்டும் போதும். சாப்பிடும்போது முனகுவதை எல்லாம் காதில் வாங்காதீர்கள். அவன் கத்திக்கொண்டிருக்கும்போது ஊருக்கு வீடியோ கால் போடுவதையும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் தாத்தா மிரட்ட, ஆச்சி கொஞ்ச, அவனுக்கு அது ஒரு மேடை.

அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டாமல் இருந்தால் நல்லது, கட்டியிருந்தால் போனது போகட்டும். "வேலைக்குப் போற பொம்பள, பிள்ளையைக் கவனிக்கல" என்ற பேச்சு அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியாத ஊரா? அது உங்கள் மனைவி காதுக்குப் போகும் முன்னால், "அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஜி.பி.யிடம் போகும்போது, என்ன நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துக் கொண்டு போங்கள். குழந்தைகள் மனநலப் பிரிவில் கியூ நீளம், அதனால் காத்திருக்காமல் பெற்றோர் பயிற்சிக்கு அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். கூட்டம் மனைவியின் ஷிஃப்டோடு மோதினால் நீங்கள் தனியாகப் போங்கள். எங்கள் குழுவில் நான் ஒருவன்தான் அப்பா, ஒன்றும் குறைந்துவிடவில்லை.