பிள்ளையை கோச்சிங் அனுப்பும்போது: சேலத்துப் பெற்றோரும் மாஸ்டர்களும் கேட்டவை

கோடை முகாம் நோட்டீஸ்கள் சுவரெல்லாம் ஏறிவிட்டன. கிரிக்கெட், சிலம்பம், கபடி, ஸ்கேட்டிங் என்று எங்கே சேர்த்தாலும் பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை, ஊர் மட்டும்.

அம்மாபேட்டை, ஒரு அம்மா: 9 வயசு மகளை முதல் தடவையா ஒரு அகாடமியில சேர்க்கப் போறோம். ஃபீஸ் தவிர என்ன கேக்கணும் மேடம்?

"இங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்திருக்கிறீர்களா?" என்பதை முதலில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் இடங்களில் இதைக் கட்டாயமாக்கும் போக்சோ விதிகள் 2020 (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் விதிகள்), பள்ளிக்கூடத்தோடு சேர்த்து விளையாட்டு அகாடமியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற வித்தியாசம் இல்லை. ஒரு முறை எடுத்து ஃபைலில் போட்டால் போதாது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மாஸ்டருக்கு எடுத்திருப்பார்கள், வேன் டிரைவரையும் கிரவுண்ட் வாட்ச்மேனையும் விட்டிருப்பார்கள். அவர்களைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள்.

ஆனால் வெரிஃபிகேஷன் சரியாக வந்தது என்றால், அந்த ஆள் மேல் இதுவரை வழக்கு இல்லை என்று மட்டும்தான் பொருள். அதனால் மேலும் சில கேள்விகள்: பயிற்சி நேரத்தில் மாஸ்டரைத் தவிர இன்னொரு பெரியவர் இருப்பாரா? பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா? மாஸ்டர் மேலேயே புகார் என்றால் யாரிடம் சொல்வது, அவருடைய எண் போர்டில் எழுதியிருக்கிறதா? கடைசியாகப் போகிற பிள்ளையோடு யார் நிற்பார்கள்?

"பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது, பிள்ளைங்க கவனம் சிதறும்" என்று ஓர் இடம் சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள். தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள், கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டால் அது நியாயம். பார்க்கவே கூடாது என்பதற்கு நியாயமான காரணம் கிடையாது.

தாரமங்கலம், சிலம்பம் மாஸ்டர்: பிடியும் கால்வைப்பும் தொட்டுத் திருத்தினாத்தான் வரும். இப்ப தொடவே பயமா இருக்கு. தொடவே கூடாதுங்களா?

தொடலாம் மாஸ்டர், வரிசை மாறக்கூடாது. முதலில் வாயால் சொல்லுங்கள். வரவில்லையா, நீங்களே செய்து காட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் "மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பட்டுமா?" என்று கேட்டு, பிள்ளை தலையாட்டிய பிறகு, எல்லாரும் பார்க்கும்படி தொடுங்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள் வரை இது சரி. கால்வைப்புக்குத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தரையில் சுண்ணாம்பில் பாதம் வரைந்து விடுங்கள், அல்லது கம்பு நுனியால் இடத்தைக் காட்டுங்கள். இடுப்பு திரும்பவில்லை என்றால் பிள்ளையின் கையையே அதன் இடுப்பில் வைக்கச் சொல்லித் திரும்பச் சொல்லுங்கள். சுளுக்கு, தசைப்பிடிப்பு என்று மாஸ்டர் உருவிவிடும் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். கெண்டைக்கால் பிடித்தால் பிள்ளை சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தித் தானே நீட்டிக்கொள்ளும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சிலம்பத்தில் நான் அதிகம் கவலைப்படுவது கண்ணுக்காக. கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்க வேண்டும். அண்ணனின் கம்பைத் தம்பியிடம் கொடுத்தால் நுனி எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. சுழற்றும்போது கை நீட்டிய தூரம், கம்பு நீளம் இரண்டையும் கூட்டி, எல்லாப் பக்கமும் அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் கம்பின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சிம்பு பெயர்ந்தது, கணுவில் விரிசல் விட்டது எல்லாம் தனியே போகட்டும். ஜோடி ஆட்டம் ஆடும் சிறுவர்களின் கம்பு நுனியில் ரப்பர் குப்பி மாட்டுங்கள்.

ஓமலூர், அப்பா: கோச் பையனுக்குத் தனியா ராத்திரி பத்து மணிக்கு மேல வாட்ஸ்அப்ல மெசேஜ் போடறாரு. ஆளு நல்லவருதான். இதைப் பெருசு பண்ணலாமா?

நல்லவரா கெட்டவரா என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதில்லை. "சார், பையனுக்குச் சொல்ல வேண்டியதை குரூப்லயே போடுங்க, நானும் அதுல இருக்கேன்" என்று ஒரு வரி சொல்லுங்கள். ஒழுங்கான கோச் "சரிங்க" என்று சொல்லி அன்றைக்கே மாற்றிக்கொள்வார். அதற்குப் பிறகும் தனியாக மெசேஜ் வந்தால், அதிலும் பார்த்தவுடன் அழியும் மெசேஜாக வந்தால், விஷயம் வேறு.

மெசேஜோடு சேர்த்து மற்றதையும் கவனியுங்கள்: காரணமில்லாமல் ஷூ, பேட் வாங்கித் தருவது, "உனக்கு மட்டும் ஸ்பெஷல் பிராக்டிஸ்" என்று மற்றவர்கள் போன பிறகு நிறுத்திவைப்பது, பைக்கில் தனியாக ஏற்றிக்கொண்டு போவது, "வீட்ல சொல்லாதே" என்பது. தனித்தனியாகப் பார்த்தால் பாசம் மாதிரி தெரியும். இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நடுவில் ஒரு ரகசியமும் இருந்தால் பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

பையனிடம் கோபப்படாமல் கேளுங்கள், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லமாட்டான். மெசேஜை அழிக்கவும் விடாதீர்கள். எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆபாசப் படம் இருந்தால் மட்டும் யாருக்கும், சொந்தக்காரருக்குக்கூட, ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவதே குற்றம். போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள்.

சூரமங்கலம், உதவிப் பயிற்சியாளர்: ஒரு பொண்ணு என்கிட்ட ஒரு விஷயம் சொன்னா. ஹெட் கோச் "அகாடமி பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்"னு சொல்றாரு. நான் என்ன செய்யணும்?

இன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும். அது உங்கள் விருப்பம் அல்ல, கடமை. போக்சோ சட்டம் 2012-இன் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. இதை உங்கள் ஹெட் கோச்சிடம் காட்டுங்கள். நல்லெண்ணத்தில் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்பதும் அதே 19ஆம் பிரிவில்தான் இருக்கிறது. பேசி முடித்துக்கொள்ளும் ரகக் குற்றம் இல்லை இது. பெற்றோரே சம்மதித்தாலும் உங்கள் கடமை போகாது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம், இரவு பகல் எடுப்பார்கள். பள்ளி தொடர்பானது என்றால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, சீருடை அணியாத பெண் அதிகாரி வந்து வாங்க வேண்டும் என்பதுதான் முறை. ஸ்டேஷனில் இரவு உட்கார வைக்கக் கூடாது. "பொண்ண ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க" என்று பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

அவள் சொன்னதை, சொன்ன வார்த்தைகளிலேயே, தேதி நேரம் போட்டு எழுதி வையுங்கள். "அங்க தொட்டானா? இங்க தொட்டானா?" என்று நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், பின்னால் வழக்கில் அதுவே வினையாகும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், "உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்துவது கூடவே கூடாது. நடந்து மூன்று நாளுக்குள் என்றால் அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சிகிச்சையை மறுக்க முடியாது.

கொண்டலாம்பட்டி, பி.இ.டி. ஆசிரியர்: மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு பிராக்டிஸ். ரெண்டு பசங்க வாந்தி எடுத்தாங்க. குளுக்கோஸ் கொடுத்தா போதுமா?

போதாது சார். நேரத்தை மாற்றுங்கள். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை நிற்கிற ஊர் இது. நாலு மணிக்கு மேலே வெயில் இறங்கினாலும் கீழே மண் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். காலை 6 முதல் 8, இல்லாவிட்டால் மாலை 5-க்கு மேல். லீவு முடிந்து வந்த பிள்ளைக்கு உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரம் பாதி வேலை போதும். 15–20 நிமிடத்துக்கு ஒரு முறை விசில் அடித்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். தாகம் எடுத்தால் வந்து குடி என்றால் ஆட்டத்தில் இருக்கும் பிள்ளை வராது. 9–12 வயதுக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 250 மில்லி. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு கூடி இன்னும் வாந்திதான் வரும்.

வாந்தியோடு தலைசுற்றல் மட்டும் என்றால் நிழல், தளர்த்திய உடை, கால் உயர்த்திப் படுக்கை, சிறுகச் சிறுகத் தண்ணீர். பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ அது வெப்பத்தாக்கு, உயிர் போகும் விஷயம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடிய பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டேகூட இருக்கும். 108-க்கு ஒருவர் போன் போடட்டும், மற்றவர்கள் அதே நிமிடம் குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் தலையை வெளியே தாங்கிப் பிடித்தபடி உடம்பை அமிழ்த்துங்கள். இல்லாவிட்டால் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். மாடியில் உள்ள சின்டெக்ஸ் தண்ணீர் மே மாதம் வெந்நீர், அது ஆகாது. ஐஸ் பெட்டி ஒன்று கிரவுண்டில் தினமும் இருக்கட்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

லேட்டாக வந்தால் வெயிலில் பத்து ரவுண்டு, தப்பு பண்ணினால் தண்ணீர் கிடையாது என்பதெல்லாம் பயிற்சி இல்லை. பொறுப்பில் இருக்கும் குழந்தைக்கு வீண் துன்பம் தருவது இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75ஆம் பிரிவில் குற்றம்.

மேட்டூர், கோச்: தலையில பந்து பட்டுச்சு, பத்து நிமிஷத்துல "நான் ஓகே"ன்னு திரும்ப ஆட வந்துட்டான்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்தது அவனுக்கு. மயங்கி விழவில்லை என்பது கணக்கே இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கழுத்து வலி, கை கால் தளர்ச்சி, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரி. இல்லையென்றாலும் டாக்டரிடம் காட்டி, ஒன்றிரண்டு நாள் ஓய்வு. முதலில் பள்ளிக்கூடம் சிரமமில்லாமல் போய்வர வேண்டும், பிறகுதான் கிரவுண்ட்: நடை, ஓட்டம், தனிப் பயிற்சி, மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. முழுப் பயிற்சிக்கு முன் டாக்டர் அனுமதி வேண்டும்.

ஏற்காடு நாகலூர் பக்கம், ஆசிரியர்: மலைக்கிராமத்துப் பிள்ளைங்க நல்லா ஓடறாங்க. கீழ சேலம் செலக்‌ஷனுக்குப் போனா பாதியிலயே நின்னுடறாங்க. ஏன்னே தெரியல.

காரணம் பெரும்பாலும் ஓட்டத்தில் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகும் பிள்ளை, வயிறு புரட்டிக்கொண்டு, மேலே இருந்த குளிரிலிருந்து நேரே கீழே உள்ள வெயிலில் போய் நிற்கிறது. முடிந்தால் முந்தைய நாளே இறக்குங்கள். அதே நாள் என்றால் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி மாதிரி லேசாக ஏதாவது கொடுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். செருப்பில்லாமல் ஓடிப் பழகிய காலுக்குப் போட்டி அன்று புது ஷூ மாட்டினால் குதிகால் கொப்புளித்துவிடும். இரண்டு வாரம் முன்பே கொடுத்துப் பழக்குங்கள். இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு "வீட்டுக்குப் போ" என்று அனுப்பாதீர்கள். காட்டெருமை நடமாடும் பாதை அது. வீட்டு ஆள் வந்து கூட்டிப்போகும் வரை ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: கீழே இருக்கும் பிள்ளைகள் இவர்கள் பேச்சைக் கிண்டல் செய்வதும், சாதியைச் சொல்லிக் கூப்பிடுவதும், தண்ணீர் பாட்டிலைத் தர மறுப்பதும். கோச் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. முதல் தடவையே எல்லார் முன்னும் நிறுத்திக் கண்டிக்க வேண்டும். ஜோடி பிரிக்கும்போது "உனக்குப் பிடிச்ச ஆளைச் சேத்துக்கோ" என்று விடாமல் எண் சொல்லிப் பிரியுங்கள். சம்மதக் கடிதத்தைப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் கைநாட்டு மட்டும் வாங்காதீர்கள், வாசித்துக் காட்டி வாங்குங்கள். இரவு தங்கல் என்றால் இரண்டு பெரியவர்கள், பெண் பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவர் பெண். பெரியவர் யாரும் பிள்ளையோடு ஒரே அறையில் தனியாகப் படுக்கக் கூடாது.

பனிமூட்டத்தில் ஓடி இளைப்பு வரும் பிள்ளைக்கு டாக்டர் எழுதிய இன்ஹேலரை ஓட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு எடுக்கச் சொல்லுங்கள். அது கிரவுண்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், பஸ்ஸில் இருக்கும் பையில் அல்ல. இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே.

வாழப்பாடி, அம்மா: என் பையனுக்கு ஒரு கால் சூம்பியிருக்கு. "அடிபட்டா யாரு பொறுப்பு"ன்னு சேத்துக்க மாட்டேங்கறாங்க அக்கா.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் காலின் மேல் பஸ் ஏறி, கால் நசுங்கியவர். பள்ளிக்கூடத்து உடற்கல்வி ஆசிரியர் அவரைத் தாண்ட விட்டார். ரியோ 2016 பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஆனால் உங்கள் பையன் மெடல் வாங்குவான் என்று காட்டித்தான் இடம் கேட்க வேண்டும் என்பதில்லை. விளையாட அவனுக்கு ஆசை இருந்தால் அதுவே போதும்.

கோச்சிடம் சட்டம் பேசுவதற்கு முன் ஒரு தாள் கொடுங்கள்: எது முடியும், எது வலிக்கும், எவ்வளவு நேரத்தில் களைப்பான், டாக்டர் எதை வேண்டாம் என்றார். "அடிபட்டா" என்ற பயம் பாதி அங்கேயே இறங்கும். பிறகு ஆட்டத்தில் மாற்ற முடிந்தவை நாலு: இடம், விதி, பொருள், கூட ஆடும் ஆள். கிரிக்கெட்டில் அவனுக்கு ரன்னர், ஓட்டப் பந்தயத்தில் முன்தள்ளிய கோடு, எறிபந்தில் லேசான பந்து. காது கேட்காத பிள்ளை இருந்தால் விசிலோடு கொடியும் வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைக் குட்டிக்கரணம், தலையால் பந்து முட்டுவது போன்றவற்றில் விடும் முன் கழுத்தெலும்பை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், அங்கே எலும்பு பிடிமானம் தளர்ந்திருக்கலாம். ஸ்கோர் எழுத உட்கார வைப்பதைச் சேர்த்துக்கொண்டதாக எண்ணாதீர்கள். ஸ்கோர் எழுதுவது முறைவைத்து எல்லாருக்கும் வரட்டும்.

ஆத்தூர், 13 வயசுப் பொண்ணோட அம்மா: அந்த மூணு நாள் அனுப்பலாமா?

அவளுக்கு முடிந்தால் தாராளமாக. முடியாத அன்று காரணம் சொல்ல வைக்கக் கூடாது. ஆண் பிள்ளை உட்பட யாரும் "இன்னைக்கு லேசா பண்றேன்" என்றால் கேள்வி கேட்காமல் விடும் வழக்கத்தைக் கோச் வைத்தால் போதும். அடர்நிற ஷார்ட்ஸ், முதலுதவிப் பெட்டியில் நாப்கின், கழிப்பறையில் மூடியுள்ள குப்பைக்கூடை. மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் இருந்தால், குறிப்பாக எடை குறைக்கச் சொல்லும் விளையாட்டில் இருந்தால், சாப்பாடு பற்றாமல் போயிருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

எடப்பாடி, அப்பா: பையன் நடராஜன் மாதிரி வரணும்னு தினமும் பதினஞ்சு ஓவர் போடறான். வயசு 12. முதுகு வலிக்குதுங்கறான்.

சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிக்குப் போன வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை, முதுகு இன்னும் 12 வயது முதுகு. 13 வயதுக்குக் கீழ் உள்ள வேகப்பந்து வீச்சாளருக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நீண்ட காலம் வைத்திருந்த அளவு, ஒரே மூச்சில் 5 ஓவர், நாளுக்கு 10. நெட்ஸில் போடுவதையும் கணக்கில் வையுங்கள். வளரும் முதுகெலும்பில் விரிசல் விடுவது இப்படித்தான். வலி தொடங்கிவிட்டதால் இப்போது ஓவரைக் குறைத்துப் பயனில்லை. பந்துவீச்சை நிறுத்தி, எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கேட்ச் பிடிக்கலாம், குனிந்து நிமிர்ந்து வலிக்காத வரை பேட்டிங்கும் பண்ணலாம்.