ஏற்காடு மலைப்பாதையில் ஓடும் பழைய டீசல் வண்டிக்கு எந்த ஆடிட்டிவ் ஊற்றலாம்?

சேலத்துக்கும் ஏற்காடு எஸ்டேட்டுக்கும் ஓடும் பழைய பிக்கப். "இப்போது வரும் டீசலில் வழவழப்பே இல்லை, டூ-டி ஆயில் கலந்து ஊற்று" என்கிறார் மெக்கானிக். டூ-டி என்பது டூ-ஸ்ட்ரோக் வண்டியின் பெட்ரோலில் கலக்கும் ஆயில். கடையிலோ நாலைந்து வகை பாட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

டீசலில் ஊற்றும் ஆடிட்டிவ் என்ஜினுக்கு மசகு கொடுப்பதில்லை. கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என்ஜின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் என்ஜின் ஆயில். டீசலின் வழவழப்பை நம்பி இருப்பவை டீசல் பம்ப்பும், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் ஊசியும்தான். அதனால் பாட்டிலைப் பார்க்கும் முன் பானட்டைத் திறந்து பம்ப்பைப் பாருங்கள்.

நாலு டீசல் பைப்பும் ஒரே வரிசையில் மேலே கிளம்பினால் அது இன்லைன் பம்ப். அதன் கேம் என்ஜின் ஆயிலிலோ, தனியாக ஊற்றிய ஆயிலிலோ ஓடும். டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சருக்கு மட்டும்தான் டீசல் மசகு. தாங்கும் சாதி இது. பம்ப்பின் பின்பக்கம் உருண்டைத் தலையிலிருந்து பைப்புகள் வட்டமாகக் கிளம்பினால் அது ரோட்டரி பம்ப். உள்ளே இருக்கும் அத்தனை பாகத்துக்கும் டீசல்தான் எண்ணெய், வேறு சொட்டு கிடையாது. வழவழப்பு குறைந்தால் முதலில் தேய்வது இதுதான். பம்ப்பிலிருந்து ஒரே தடித்த பைப் ஒரு நீளக் குழாய்க்குப் போய், அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்தால் காமன் ரெயில். இதன் ஹை பிரஷர் பம்ப்புக்கும் பெரும்பாலும் டீசல்தான் மசகு. ஆனால் இது இன்றைய டீசலைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது.

டீசலில் சல்பரை எடுத்ததால்தான் வழவழப்பு போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. சல்பர் தானே வழுக்காது. அதை நீக்க ஹைட்ரஜன் கொடுத்துச் சுத்திகரிக்கும்போது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக நிற்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் மூன்றாம் கட்டம்) டீசலில் சல்பர் 350 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 350 பங்கு, வரை இருக்கலாம் என்றிருந்தது, பிஎஸ்-4-இல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வருவது 10 பிபிஎம் டீசல். இழந்ததை ஈடுகட்டச் சுத்திகரிப்பு நிலையங்கள் மசகு ஆடிட்டிவைச் சேர்த்தே அனுப்புகின்றன. இதற்கு ஒரு சோதனை உண்டு: 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் எஃகுக் குண்டை எஃகுத் தட்டின் மேல் உரசி, விழும் தேய்மானத் தழும்பை அளப்பார்கள். அது 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். ஆக, நல்ல பங்க்கில் வாங்கும் டீசல் வறண்ட டீசல் இல்லை. மண்ணெண்ணெய் கலந்தது, கேனில் சில்லறையாக வாங்கியது இவைதான் பம்ப்பை அரிக்கும்.

இப்போது பாட்டில்கள். "சீட்டேன் பூஸ்டர்" என்ஜினுக்குள் டீசல் பற்றுவதை விரைவாக்கும், மசகு தராது. "இன்ஜெக்டர் கிளீனர்" கரியைக் கழுவும். அதுவும் மசகு இல்லை. "வாட்டர் ரிமூவர்" பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது, அது இருக்கும் மசகையும் குறைக்கும். ரோட்டரி பம்ப் வண்டிக்கு அதைத் தொடவே வேண்டாம். தேவையானது எஸ்டர் அல்லது கொழுப்பு அமில வகை லூப்ரிசிட்டி ஆடிட்டிவ். லேபிளில் அந்தச் சொல், எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி, சாம்பல் விடாதது என்ற குறிப்பு, மூன்றும் இருக்க வேண்டும். "மைலேஜ் கூடும்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

இதற்குச் சமமாக வேலை செய்வது பயோடீசல். 1 முதல் 2 சதவீதம் போதும், அதாவது 40 லிட்டர் டாங்க்குக்கு 400 முதல் 800 மில்லி. ஐஎஸ் 15607 தரத்தில் முறையாகத் தயாரித்ததாக இருக்க வேண்டும். பழைய டாங்க்கில் படிந்த கசடை அது கிளப்பிவிடலாம் என்பதால் முதல் இரண்டு டாங்க் ஓடியதும் பில்டரை மாற்றிவிடுங்கள். வடிகட்டிய பஜ்ஜி எண்ணெயும், ஆட்டிய புங்க எண்ணெயும் பயோடீசல் ஆகாது; நாசில் நுனியில் கரியாகக் கெட்டிப்படும். விளக்கெண்ணெயோ டீசலோடு சரியாகக் கலக்கவே கலக்காது.

டூ-டி ஆயிலை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். டிபிஎஃப் (புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) இல்லாத, ரோட்டரி பம்ப் வண்டிக்கு 200-க்கு 1 என்று ஊற்றலாம்: லிட்டருக்கு 5 மில்லி, 40 லிட்டருக்கு 200 மில்லி. அதற்கு மேல் போனால் புகைதான் மிச்சம். எரிந்தபின் கொஞ்சம் சாம்பல் விடும் என்பதால் பிஎஸ்-6 வண்டிக்கு ஒரு சொட்டுகூட ஆகாது. டிபிஎஃப் கரியை எரித்துவிடும், சாம்பலை எரிக்க முடியாது. கழிவு என்ஜின் ஆயிலை வடிகட்டி ஊற்றும் வழக்கத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எதை ஊற்றினாலும் முதலில் ஆடிட்டிவ், அதன்மேல் டீசல். பங்க்கில் விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். அளவைக் கூட்டினால் பலன் கூடாது. படலம் ஒட்டுவதற்கு உலோகத்தில் இருக்கும் இடம் அவ்வளவுதான். அமில வகை அளவு மீறினால், பம்ப்பில் கசிந்து வரும் என்ஜின் ஆயிலின் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு போலாகி பில்டரை அடைக்கவும் செய்யும்.

ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு ஆடிட்டிவை விடப் பெரிய பிரச்சினைகள் தண்ணீரும் காற்றும். மார்கழிப் பனியில் அரை டாங்க்கோடு வாரக்கணக்கில் எஸ்டேட்டில் நிற்கும் வண்டியில், டாங்க்கின் மேல் பாதியில் ஈரம் வியர்த்து இறங்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் மசகுப் படலம் நிற்காது, துருதான் வரும். நிறுத்தும்போது டாங்க்கை நிரப்பி நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை காலையில், வண்டியை எடுக்கும் முன், பில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் கோடு போட்டதுபோல் தனியாக நின்றால் அது தண்ணீர். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்குங்கள். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் சீசனுக்கு மட்டும் ஓட்டும் டீசல் என்ஜினுக்கும் ஜெனரேட்டருக்கும் இதே வேலைதான். போன வருஷத்து டீசலை வைத்துத் தொடங்காதீர்கள்.

காற்று விஷயம் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நடக்கிறது. கால் டாங்க்குக்குக் கீழே இருந்தால் திருப்பத்தில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கும், உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். அந்தச் சில நொடிகள் ரோட்டரி பம்ப் வெறுமனே சுற்றுகிறது; எந்த பாட்டிலும் அப்போது உதவாது. அடிவாரத்தில் ஏறும்போதே அரை டாங்க் இருக்கட்டும்.

ஏற்காட்டுக் குளிருக்கு டீசல் உறையாது. "ஆன்டி-ஜெல்" என்று விற்பது நமக்குத் தண்டச் செலவு.

கடைசியாக, பம்ப் ஏற்கெனவே தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். காலையில் ஒரே கீயில் ஸ்டார்ட் ஆகி, மலை ஏறிச் சூட்டோடு நிறுத்தியபின் மட்டும் அடம் பிடித்தால் ரோட்டரி தலை தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் இளகிய டீசல் இடுக்கில் கசிந்து அழுத்தம் வராமல் போகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் ஆறவைத்தால் ஸ்டார்ட் ஆகிறதென்றால் சந்தேகம் உறுதியாகிறது. அப்போது ஆடிட்டிவ் வாங்கும் காசைச் சேர்த்து, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் கடையில் கழற்றிக் கொடுங்கள். காமன் ரெயில் வண்டியாக இருந்து, கழற்றிய பில்டரை அறுத்துப் பார்க்கும்போது மடிப்பில் உலோகப் பொடி மின்னினால் வண்டியை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். பம்ப்போடு போகாமல் அந்தப் பொடி ரெயிலுக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் வழியாக டாங்க்குக்கும் போயிருக்கும், அத்தனையையும் கழற்றிக் கழுவாமல் புது பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.