சுரங்கத்துக்குள் வெள்ளம்: படமும் நிஜமும்

கேள்வி: ‘காலா பத்தர்’ (1979) இந்திப் படத்தில் சுரங்கத்துக்குள் ஆறு போலத் தண்ணீர் பாய்கிறதே, அது மிகையா?
– வாசகர், நெய்வேலி

பதில்: மிகையே இல்லை. தன்பாத் அருகே சஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27-ல் நடந்த விபத்துதான் அந்தப் படத்துக்குத் தூண்டுதல். 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கைவிட்ட பழைய பகுதியில் தேங்கிக் கிடந்த நீர், இடையிலிருந்த தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. பழைய வரைபடம் தவறாக இருந்தால் தடுப்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதே தெரியாது. அதனால்தான் நீர் தேங்கிய இடத்துக்கு 60 மீட்டருக்குள் வெட்டும்போது, முகப்பின் (வெட்டிக்கொண்டிருக்கும் சுவரின்) நடுவிலும் பக்கவாட்டிலும் முன்துளைகள், அதாவது முன்னால் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் நீண்ட துளைகள், போட்டபடியே போகவேண்டும். துளையிலிருந்து நீர் பீய்ச்சினால் உடனே அடைத்துவிட்டு ஆட்களை வெளியேற்ற வேண்டும். உயிர் காக்கும் இந்த நிதானமான வேலையைத் திரையில் விரிவாகக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

மீட்புப் பணியைப் பார்க்க ‘மிஷன் ராணிகஞ்ச்’ (2023) பாருங்கள். 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளத்தில் சிக்கிய 65 பேரை, மேலிருந்து போட்ட துளை வழியே இரும்புக் கூண்டில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஆள் நின்றபடிதான் வரமுடியும், அவ்வளவு குறுகலான கூண்டு.