எவ்வளவு குடிக்கணும், எத்தனை தடவை போகணும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர், சிறுநீரகக் கல், எரிச்சல், ராத்திரி எழுந்து போவது பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்கிறேன்: வயது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இந்த நான்கும் இல்லாமல் எனக்கு எழுதாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்? ஒருவர் மூன்று என்கிறார், இன்னொருவர் ஐந்து என்கிறார். (மஞ்சக்குப்பம் வாசகர்)

இரண்டு பேர் சொல்வதும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும், பண்ருட்டியில் பலாப்பழம் சுமந்து லாரியில் ஏற்றுகிறவருக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். உள்ளே போவதை எண்ணாதீர்கள், வெளியே வருவதைப் பாருங்கள். ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் போனால் நீங்கள் குடிப்பது போதும். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அளவுக் குவளை ஒன்றைக் குளியலறையில் வைத்துக்கொண்டு, காலை ஆறு முதல் மறுநாள் ஆறு வரை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தாங்கள் எவ்வளவு குறைவாகக் குடிக்கிறோம் என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

அளக்க முடியாதவர்கள் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் போல இளமஞ்சளாக இருந்தால் நல்லது. பகலில் ஆறு முதல் எட்டு தடவை போவது இயல்பு.

நம் கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. மதியத்துக்கு மேல் கடல் காற்று வீசினாலும் புழுக்கம் போகாது. வியர்வை காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் உடம்பு குளிராது, மேலும் வியர்க்கும். வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு மே, ஜூனில் மூன்று, மூன்றரை லிட்டர் தாராளமாகத் தேவைப்படும். மோர், ரசம், கஞ்சி, டீ எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். கலர் பாட்டில்களை மட்டும் சேர்க்காதீர்கள்.

இருதயம் வீங்கியவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இதில் எதையும் பின்பற்ற வேண்டாம். உங்கள் டாக்டர் சொன்ன அளவுதான் உங்களுக்கு அளவு.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் ஒரே மூச்சில் குடிக்கிறேன். நல்லதா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதற்கு மேல் தொடர்ந்து ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, வாந்தி, சமயத்தில் வலிப்பு வரைக்கும் போகும். ஒரு டம்ளரில் ஆரம்பித்து நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள்.

நின்றுகொண்டு தண்ணீர் குடித்தால் முட்டி தேயும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

தேயாது.

பீர் குடித்தால் கல் கரையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புதுச்சேரியில் விலையும் குறைவு. (அரியாங்குப்பம், வயது 34)

கரையாது. பீர் குடித்ததும் நிறையப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு உடம்பு வறண்டுவிடும், யூரிக் அமிலமும் ஏறும். புதுக் கல்லுக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

இடது பக்கம் 6 மில்லிமீட்டர் கல். வாழைத்தண்டுச் சாறு குடித்து வருகிறேன், பாலை நிறுத்திவிட்டேன். சரியா? (பண்ருட்டி, வயது 41, சர்க்கரை இல்லை)

வயதையும் சர்க்கரையையும் எழுதியதற்கு நன்றி. வாழைத்தண்டு நல்ல உணவு, பொரியலாகவும் கூட்டாகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நம்மிடம் அதிகம் காணப்படும் கால்சியம் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. யூரிக் அமிலக் கல்லை மட்டும் மாத்திரையால் கரைக்க முடியும். 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும், உங்களுடையது எல்லையில் இருக்கிறது. நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடியுங்கள்.

பாலை நிறுத்தியது தவறு. உணவில் வரும் கால்சியம், கல் உருவாகக் காரணமான ஆக்ஸலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். பாலும் தயிரும் இல்லாவிட்டால் அந்த ஆக்ஸலேட் நேராகச் சிறுநீருக்குப் போகும். குறைக்க வேண்டியது உப்பை: கருவாடு, அப்பளம், ஊறுகாய். பண்ருட்டிக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். முந்திரியில் ஆக்ஸலேட் கணிசமாக உண்டு, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். எலுமிச்சைச் சாறு உப்பும் சர்க்கரையும் போடாமல் குடிக்கலாம்.

கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

யூரின் மஞ்சளாகப் போகிறது. என்ன மாத்திரை போடலாம்?

இவ்வளவுதான் கடிதம். வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, கண் மஞ்சளாக இருக்கிறதா என்று இல்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டிருந்தாலும் மஞ்சளாகப் போகும், தண்ணீர் குறைந்தாலும் போகும், காமாலை வந்தாலும் போகும். மூன்றுக்கும் ஒரே மாத்திரையை நான் எப்படி எழுதுவது? இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துப் பாருங்கள். வெளுக்காவிட்டால் நேரில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். சிவப்பாகப் போனால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், வலி இல்லாவிட்டாலும். முக்கியமாகப் புகைபிடிக்கிறவர்கள். முதல் நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் அம்மா, நான் கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வயது 29, சர்க்கரை பார்த்ததில்லை. இந்த வருடம் மூன்றாவது தடவை நீர்க்கடுப்பு. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பது ஆகும். பெண்கள் முப்பது பேருக்கு மாடியில் ஒரே ஒரு கழிப்பறை. போனால் சூப்பர்வைசர் நேரம் பார்ப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதே இல்லை. கால் பெருவிரலில் சுண்ணாம்பு வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதே கதையை வாரத்துக்கு நாலைந்து தடவை என் மேசைக்கு எதிரே கேட்கிறேன். போன மாதம் ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலையே எடுத்து மேசை மேல் வைத்தார். காலையில் வீட்டில் நிரப்பியது. ராத்திரி எட்டு மணிக்கும் கழுத்து வரை அப்படியே நின்றது. உதட்டை நனைக்க மட்டும் இரண்டு மடக்கு குடித்திருக்கிறார்.

என் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் கொல்லைப்புறத்துக்கு ஓடுவார். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் படித்துக் கொடுத்த பள்ளியில் ஆசிரியைகள் போக இடமே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஆசிரியைகள் பட்டதை இன்று துணிக்கடைப் பெண்கள் படுகிறார்கள், வேறென்ன மாறியது?

சிறுநீர்ப்பை 400, 500 மில்லி வரை தாங்கும். எப்போதோ ஒரு நாள் பஸ்ஸில் அடக்கினால் ஒன்றும் ஆகாது. தினம் பத்து மணி நேரம் குடிக்காமலும் போகாமலும் இருந்தால், உள்ளே நுழைந்த கிருமியைக் கழுவி வெளியே தள்ள நீர் இல்லாமல் போகிறது. அது அங்கேயே பெருகுகிறது. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைவு, நாலு சென்டிமீட்டர்தான், கிருமி மேலே ஏறுவதும் சுலபம். குறைத்துக் குடிப்பது தீர்வே அல்ல, அதுதான் நோய்க்குக் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வருடத்தில் மூன்று தடவை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் போய் "போன தடவை கொடுத்த அதே மாத்திரை" என்று கேட்காதீர்கள். முதலில் யூரின் கல்ச்சர் எடுங்கள், எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் பரிசோதனை அது. ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு எழுதித் தரும் மாத்திரையை, எரிச்சல் நின்றாலும் கடைசி வரை சாப்பிடுங்கள். சர்க்கரையை இதுவரை பார்க்கவில்லை என்கிறீர்கள், அதையும் உடனே பாருங்கள். காலைச் சாப்பாட்டோடு இரண்டு டம்ளர், பிறகு மணிக்கு ஒரு அரை டம்ளர். அவசரம் இருக்கிறதோ இல்லையோ மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் அழுக்காக இருக்கிறது என்று பாதி குனிந்து அந்தரத்தில் நிற்காதீர்கள், பை முழுதாகக் காலியாகாது. துடைத்துவிட்டு உட்காருங்கள். கழுவுவது முன்னிருந்து பின்னாக. கணவரோடு சேர்ந்த பிறகு ஒருதடவை போய்விட்டுப் படுங்கள். சுண்ணாம்பால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் கிருமி விரலில் இல்லை அம்மா.

கடை முதலாளிகளுக்கும் சொல்கிறேன். வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்ல காரியம். 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியவர்கள் 18-ம் பிரிவில் குடிநீரையும் அடுத்த 19-ம் பிரிவில் கழிப்பறையையும் வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தால் போக இடமும் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் பழக்கத்தைக் கேரளம் 2019-ல் தொடங்கியது. மணி அடித்துக் குடிக்க வைத்த பிள்ளைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும், உங்கள் கடைப் பெண்ணுக்கும் அதே. ஒரு தடவை போய் வர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை நோட்டில் குறிக்காதீர்கள்.

ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன். அதனால் மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. (லாஸ்பேட்டை, வயது 68, பிரஷர் உண்டு)

மறுபடியும் அதேதான், குறைத்துக் குடிப்பது தீர்வல்ல. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். பிரஷர் மாத்திரையில் நீர் மாத்திரை கலந்திருக்கிறதா, அதைச் சாயங்காலம் போடுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கால் வீக்கம் இருந்தால் மதியம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள், காலில் தேங்கிய நீர் பகலிலேயே போய்விடும். புராஸ்டேட்டுக்கு ஒரு ஸ்கேன், ரத்தத்தில் சர்க்கரை, இரண்டும் பாருங்கள். குறட்டை அதிகமா என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சு அடைபட்டாலும் இப்படி வரும். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது பெரிய கஷ்டம்.

ஏழு வயதுப் பையன் படுக்கையில் போகிறான். அடித்தும் பார்த்தோம். (வில்லியனூர்)

அடிக்காதீர்கள், அவன் தெரிந்து செய்யவில்லை. மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், பல பிள்ளைகளுக்கு அதைச் சரி செய்தாலே குறையும். பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுக்கும் முன் ஒருதடவை போகட்டும். நன்றாக இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தான் என்றால் சர்க்கரையும் யூரினும் பாருங்கள்.

சர்க்கரைக்குப் புது மாத்திரை கொடுத்ததிலிருந்து அடிக்கடி போகிறது, அரிப்பும் இருக்கிறது. (கடலூர் முதுநகர், வயது 55)

மாத்திரைப் பெயர் எழுதவில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகையாக இருந்தால் அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், அதனால் அப்படித்தான் இருக்கும். போய் வந்ததும் கழுவித் துடைத்து உலர்வாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். அரிப்பு போகாவிட்டால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டு வருடமாகக் கரிக்கிறது. இதனால் கல் வருமா? (பாகூர்)

குக்கரில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் படிவு நேராகச் சிறுநீரகத்தில் போய் உட்காராது. கரிப்புதான் விஷயம். உப்பு அதிகம் உள்ளே போனால் பிரஷரும் ஏறும், சிறுநீரில் கால்சியமும் கூடும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, 2000-க்கு மேல் என்றால் குடிக்கவே வேண்டாம். அந்தத் தண்ணீரைக் குளிக்க வைத்துக்கொண்டு, குடிக்க வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குப் போட்டில் போனால் வர பத்து, பதினொன்று ஆகும். தண்ணீரே குடிப்பதில்லை. டீ டிகாக்‌ஷன் மாதிரி போகிறது. இரண்டு தடவை கல் வந்துவிட்டது. (தேவனாம்பட்டினம்)

அவர் வயதை எழுதவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். முதலில் யூரினும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் ஒருதடவை பாருங்கள். இரண்டு தடவை கல் வந்தவருக்கு அந்த நிறம் சாதாரணம் இல்லை. போட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கேன் வைத்தால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. அவருக்கென்று ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைத் தனியாகக் கட்டிக் கொடுங்கள். ஈரத் துணி சுற்றிக் கொடுத்தால் சூடேறாது. ஒன்று வலை இறக்கும் முன், இன்னொன்று வலையைத் தூக்கிய பின் என்று சொல்லி அனுப்புங்கள். கரைக்கு வந்ததும் டீக்கு முன்னால் மோர் ஊற்றிய கூழ் கொடுங்கள். பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். காலியாக வந்தும் நிறம் மாறவில்லை என்றால் ரிப்போர்ட்டோடு அவரை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.