பச்சை மாத்திரையா, பச்சைக் கீரையா? சுங்கை சிப்புட் வாசகர்களுக்கு ஒரு மருந்தாளரின் பதில்கள்

சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருப்பவர்கள் சுருள்பாசி, குளோரெல்லா, குளோரோஃபில் தண்ணீர், முருங்கைப் பொடி பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பார்மசியில் பணிபுரியும் மருந்தாளர்.

அக்கா, ஸ்பைருலினாவும் குளோரெல்லாவும் ஒண்ணுதானா? ரெண்டும் பச்சையாத்தான் இருக்கு. எதை வாங்குறது?

இரண்டும் வேறு வேறு உயிர்கள். சுருள்பாசி என்கிற ஸ்பைருலினா உண்மையில் நீலப்பச்சை பாக்டீரியா வகை. அதன் செல்சுவர் மெல்லியது, வயிற்றில் எளிதாகச் செரிக்கும். குளோரெல்லா நிஜமான பச்சைப் பாசி, சுவர் கெட்டியானது. அதனால் குளோரெல்லா வாங்கினால் 'செல்சுவர் உடைக்கப்பட்டது' என்று லேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் சத்தில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியே போய்விடும்.

புரதம்தான் நோக்கம் என்றால் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பாட்டிலில் 250 மில்லிகிராம் மாத்திரை 200 இருந்தால் மொத்தம் 50 கிராம். சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மைதான். ஆனால் அந்த 50 கிராமில் கிடைப்பது 30 கிராம் அளவுப் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். ஆக, முழு பாட்டிலும் ஐந்து முட்டைக்குச் சமம். விலையை எப்போதும் மாத்திரைக்கு இவ்வளவு என்று பார்க்காமல் கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பாட்டில் 60 ரிங்கிட் என்றால் கிராம் 1 ரிங்கிட் 20 சென். அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் தௌஹுவும் வாங்கினால் வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம்.

பசார் மாலாம்ல ஒருத்தர் விக்கிறார், தெரிஞ்ச அக்கா ஒருத்தரும் ஏஜெண்டா விக்கிறாங்க. நல்ல சரக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாத்திரை, கேப்சூல் வடிவில் வந்தால் முதலில் பதிவெண்ணைத் தேடுங்கள். 'எம்.ஏ.எல்' (MAL) என்ற மூன்று எழுத்து, அடுத்து எட்டு இலக்கம், அதற்குப் பின் ஓர் எழுத்து. 'என்' (N) என்றால் ஊட்டச்சத்துப் பொருள், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. அதன் பின்னால் 'சி' போன்ற இன்னோர் எழுத்து வந்தாலும் பயப்பட வேண்டாம். தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ-வின் இணையத் தேடலில் அந்த எண்ணைத் தட்டுங்கள். எண் வந்தால் மட்டும் போதாது. வரும் பெயரும் கையில் உள்ள பாட்டிலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பொருளின் எண்ணை ஒட்டி விற்பதும் நடக்கிறது. பாதுகாப்பு ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்.

பொடி சில நேரம் வெறும் உணவாக, 1983 உணவுச் சட்டத்தின் கீழ் வரும். அதில் எம்.ஏ.எல் எண் இருக்காது. அப்போது தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முழு முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் பையில் அளந்து கட்டி, மேலே பேனாவால் பெயர் எழுதியதை வாங்கவே வேண்டாம்.

ஏஜெண்டிடம் ஆய்வக அறிக்கை கேளுங்கள். ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம், மைக்ரோசிஸ்டின் ஐந்தும் அதில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையின் தொகுதி எண்ணும் பாட்டிலின் தொகுதி எண்ணும் பொருந்த வேண்டும். மைக்ரோசிஸ்டின் என்பது வேறு சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் ஈரல் விஷம். சுருள்பாசி தானாக அதை உண்டாக்குவதில்லை, குளத்தில் கலப்படமாக வளரும் பாசியிலிருந்து வரும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஏ.எஃப்.ஏ என்ற பெயரில் வரும் நீலப்பச்சைப் பாசியில் இந்த அபாயம் அதிகம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிளாமத் ஏரியில் இயற்கையாக வளர்வதை அள்ளி எடுப்பது அது. 'இயற்கை ஏரியில் வளர்ந்தது' என்று அதைப் பெருமையாக விற்பார்கள். எனக்கு அந்த வரியே எச்சரிக்கைதான்.

சுருள்பாசிப் பொடியை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் சாதாரணத் தண்ணீர் ஊற்றுங்கள், வெந்நீர் வேண்டாம். ஒரு சிட்டிகை பொடியைத் தூவி ஓரிரவு அசைக்காமல் விடுங்கள். மறுநாள் பொடி அடியில் தங்கியிருக்கும், மேல் தண்ணீரில் நீலம் இறங்கியிருக்கும். வெளிச்சத்தில் டம்ளரைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த நீலத்துக்குள் மெல்லிய சிவப்பு மினுங்கும். அது ஃபைகோசயனின் என்ற நிறமி, சூடு பட்டால் கெட்டுவிடும். நீலமே இறங்கவில்லை என்றால் பொடி பழையது, அல்லது அதிகச் சூட்டில் காய்ந்தது, அல்லது சுருள்பாசியே இல்லை. போட்டவுடன் தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் சாயம் என்று சந்தேகப்படுங்கள், ஏனென்றால் இலைப்பச்சை என்கிற குளோரோஃபில் தண்ணீரில் கரையாது. இந்தச் சோதனை ஈயத்தையோ விஷத்தையோ காட்டாது. அதற்கு ஆய்வகம்தான்.

எனக்கு ரத்தம் 9.5-ன்னு சொல்லி அரசாங்க கிளினிக்ல இரும்பு மாத்திரை குடுத்தாங்க. குமட்டுது, மலம் கறுப்பா போகுது. நிறுத்திட்டு ஸ்பைருலினா எடுக்கலாமா அக்கா?

நிறுத்த வேண்டாம் அம்மா. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 9.5 என்பது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் அளவு. ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 65 மில்லிகிராம் அளவு இரும்பு இருக்கிறது. சுருள்பாசி 100 கிராமில் 28 மில்லிகிராம் அளவுதான். நீங்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடப் போகும் 3 கிராமில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக வேண்டுமென்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாசி விழுங்க வேண்டும்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவதற்குப் பதில் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவில் போட்டுப் பாருங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், ஆனாலும் தொடர்ந்து எடுப்பதுதான் முக்கியம். எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கினால் உடல் கூடுதலாக ஏற்கும். தே, கோப்பி, பால், கால்சியம் மாத்திரை எதுவானாலும் இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். மாத்திரை போட்ட கையோடு தே குடிப்பதால்தான் மூன்று மாதமாகியும் பலருக்கு எண் ஏறுவதில்லை. மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது இரும்பால்தான், பயமில்லை. ஆனால் தார் போல ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால் அது உள்ரத்தக் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் மரபணு உள்ளவர்கள் நிறைய பேர். அவர்களுக்கும் ரத்தம் குறைவாகத்தான் காட்டும், ஆனால் பெரும்பாலும் இரும்பு குறைவாக இருக்காது. தலசீமியா நோயாளிக்குக் கூடுதல் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சேர்ந்து கெடுதல் செய்யும். உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கும் ரத்தம் குறைவு என்றால் கட்டாயம் கேளுங்கள்.

அம்மாவுக்கு பத்து வருஷமா இனிப்புநீர், மெட்ஃபார்மின் சாப்பிடுறாங்க. சைவம். 'இதுல பி12 இருக்கு, மூணு மாசத்துல மருந்தை விட்டுடலாம்'னு ஏஜெண்ட் சொல்றார்.

இரண்டுமே தவறு. சுருள்பாசியில் பி12 என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி போலி பி12. உருவத்தில் ஒத்திருக்கும், நம் உடலுக்கு வேலை செய்யாது. பழைய சோதனை முறைகள் இரண்டையும் சேர்த்து எண்ணுவதால் லேபிளில் பெரிய எண்ணாகத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை. மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையும், பால் தவிர விலங்கிலிருந்து வரும் உணவே இல்லாத சாப்பாடு அந்தக் குறைவைக் கூட்டும். கால் மரத்துப் போவதை இனிப்புநீரால் வந்த நரம்புக் கோளாறு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது பி12 குறைவாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் பி12 மாத்திரையோ ஊசியோ போதும்.

சுருள்பாசியால் சர்க்கரை சிறிது இறங்குவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது மெட்ஃபார்மினை நிறுத்தும் அளவுக்கு இல்லை. இனிப்புநீர், புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

எஸ்டேட் குளத்துல பச்சையா மிதக்குதே, அதைக் காய வெச்சு எடுத்தா என்ன?

கூடவே கூடாது தம்பி. அதில் ஈரலைக் கெடுக்கும் பாசியும் இருக்கலாம், மழையில் வழிந்து வந்த களைக்கொல்லியும் உரமும் இருக்கும். மாட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

குளோரோஃபில் தண்ணி குடிச்சா ரத்தம் ஊறுமா?

ஊறாது. இலைப்பச்சையின் வடிவம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் என்ற பொருளின் வடிவத்தைப் போல இருப்பதால் இந்தப் பேச்சு வந்தது. ஹீமின் நடுவில் இரும்பு, இலைப்பச்சையின் நடுவில் மெக்னீசியம். ஒன்று மற்றொன்றாக மாறாது. பாட்டிலில் தண்ணீரில் கரையும்படி விற்பது பெரும்பாலும் சோடியம் காப்பர் குளோரோஃபிலின், அதாவது செம்பு சேர்த்து மாற்றிய பொருள். உணவுக்கு நிறமூட்டவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலம் பச்சையாகப் போகும், அவ்வளவே.

செம்பனையில குலை வெட்டுறேன். குளோரெல்லா ஆரம்பிச்சதுலேர்ந்து வெயில் பட்ட இடமெல்லாம் எரிச்சல், சிவப்பு. 'நச்சு வெளியாகுது, தொடர்ந்து சாப்பிடு'ங்கிறாங்க.

இன்றைக்கே நிறுத்துங்கள். இது நச்சு வெளியேறுவது இல்லை. இலைப்பச்சை சரியாகப் பதப்படுத்தப்படாமல் சிதைந்தால் ஃபியோஃபோர்பைட் என்ற பொருள் உண்டாகும். அது தோலில் சேர்ந்து, வெயில் பட்டதும் புண்ணாக்கும். 1977-இல் ஜப்பானில் குளோரெல்லா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இப்படி நேர்ந்த பிறகுதான் அங்கே அந்தப் பொருளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். வேலைக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். முடிந்தால் சில நாள் நிழல் வேலை கேளுங்கள். கொப்புளம் வந்தால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளினிக் போங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, முகம் வீங்குவது எதைக் கண்டாலும் தாமதிக்காதீர்கள். மூச்சுத் திணறினால் நேரே ஆஸ்பத்திரி.

கேப்சூல்ல மாட்டு ஜெலட்டின் இருக்குமா?

இருக்கலாம். பதிவான பொருள் என்றால் விலங்கு மூலத்தை லேபிளில் சொல்லியாக வேண்டும்: 'போவைன்' அல்லது 'லெம்பு' என்றால் மாடு. 'ஹலால்' முத்திரை பன்றி இல்லை என்று சொல்லும், மாடு இல்லை என்று சொல்லாது. 'ஹைப்ரோமெல்லோஸ்' என்றிருந்தால் தாவரக் கூடு. அழுத்திய மாத்திரையில் கூடே கிடையாது, நம்மவர்களுக்கு அதுவே சுலபம்.

மாசமா இருக்கேன், எடுக்கலாமா? மூத்தவனுக்கு அஞ்சு வயசு, அவனுக்கு?

இருவருக்கும் வேண்டாம். ஈயமோ பாசி விஷமோ துளி இருந்தாலும் சின்ன உடம்புக்கு அது பெரிய அளவு. உங்களுக்குத் தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் ஃபோலிக் அமிலமும் இரும்பும் போதும்.

வீட்டு முருங்கை இருக்கே, அதுல பொடி செய்யலாமா? சாயோர் மானிஸ் கீரையையும் பச்சையா அடிச்சுக் குடிக்கச் சொல்றாங்க.

முருங்கைக் கீரை 50 கிராம், அதாவது இரண்டு கைப்பிடி சமைத்தால், 2 மில்லிகிராம் அளவு இரும்பு. 3 கிராம் சுருள்பாசியை விட இரண்டு மடங்கு, அதுவும் காசில்லாமல். பொடி செய்வதென்றால் காம்பு நீக்கிக் கழுவி, துணியில் ஒற்றி, வீட்டுக்குள்ளே மெல்லிய அடுக்காகப் பரப்பி மின்விசிறி போடுங்கள். வெயிலில் காய வைத்தால் நிறமும் சத்தும் போகும். நம் ஊர் ஈரத்தில் நாலு நாளாகியும் கையில் நொறுங்கவில்லை என்றாலோ, பூசண வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

சாயோர் மானிஸ், நாம் தவசி முருங்கை என்போமே, அதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க அதைப் பச்சைச் சாறாகத் தினமும் குடித்தவர்களுக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்கள் அடைத்துப் போயின. சிலருக்கு அது திரும்பவே இல்லை. வழக்கம்போல் முட்டையோடு வதக்கிச் சாப்பிடுவதற்குத் தடையில்லை.

கவுட் இருக்கு. எடுக்கலாமா?

தவிர்ப்பது நல்லது ஐயா. பாசியில் நியூக்ளிக் அமிலம் உண்டு, அது யூரிக் அமிலமாக மாறும்.

சரி, எந்தத் தடையும் இல்லாதவங்க எப்படி ஆரம்பிக்கணும்? எப்படி வைக்கணும்?

ஒரு நாளைக்கு அரை கிராம், சாப்பாட்டோடு, ஒரு வாரம். வயிறு ஒத்துக்கொண்டால் ஒரு கிராம், பிறகு மூன்று கிராம் வரை. ஒரே நேரத்தில் இரண்டு புதுப் பொருள் வேண்டாம், அரிப்பு வந்தால் எதனால் என்று தெரியாது. லூபஸ், முடக்குவாதம் போன்ற எதிர்ப்புச்சக்திக் கோளாறு உள்ளவர்களும், புரதத்தில் உள்ள ஃபீனைலலனினை உடல் சிதைக்க முடியாத ஃபீனைல்கீட்டோனூரியா பிறவியிலேயே உள்ளவர்களும் எடுக்கக் கூடாது. பாட்டிலை அடுப்புப் பக்கத்திலோ காடி டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள். பிரிட்ஜில் வைத்து அடிக்கடி திறந்தால் உள்ளே நீர் கோக்கும். மூடி இறுக்கி, சிலிக்கா பையை எறியாமல், உலர்ந்த கரண்டியால் எடுங்கள். திறந்தால் மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். கட்டி தட்டினாலோ, மஞ்சள் கலந்த பழுப்பாக மாறினாலோ, அழுகிய மீன் நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு இதய வால்வு மாத்தியிருக்கு, வார்ஃபரின் சாப்பிடுறார். போன வாரம் ஒரு சொந்தக்காரர் குளோரெல்லா வாங்கிக் குடுத்துட்டார், பாதி பாட்டில் முடிஞ்சிருச்சு.

குளோரெல்லாவில், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே அதிகம். வார்ஃபரின் தடுப்பது அந்த வைட்டமினின் வேலையைத்தான். மாத்திரை அதே அளவில் இருந்தாலும் ரத்தம் உறையத் தொடங்கலாம், செயற்கை வால்வில் அது உயிருக்கே ஆபத்து. குளோரெல்லாவை நிறுத்துவதோடு விடாதீர்கள், நிறுத்தியதும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் எண் எதிர்ப்பக்கமாக ஏறி ரத்தக் கசிவும் வரலாம். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே வார்ஃபரின் கிளினிக்குக்குப் போய், பாட்டிலைக் காட்டி, ஐ.என்.ஆர் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு, வார்ஃபரின் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.