தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை டேங்கில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது, வண்டி நிற்கும் இடத்தில் ஈரமே இல்லை, ஏற்றத்தில் டெம்பரேச்சர் மீட்டர் மேலே போகிறது, தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) மாற்றியும் தீரவில்லை. இப்போது மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கலாம் என்கிறார். பிரிக்கலாமா, அதுவரை ஓட்டலாமா?

இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஹெட்டைக் கழற்றாமலேயே அதை உறுதிசெய்ய வழி இருக்கும்போது, சந்தேகத்தின் பேரில் இன்ஜினில் கை வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். தெர்மோஸ்டாட்டை மாற்றியதும் அப்படி ஒரு ஊகத்தில்தான்.

முதலில் இரண்டு நிலைமைகளை வேறுபடுத்திப் பாருங்கள். கூலன்ட் குறைவதால் இன்ஜின் சூடாகிறதா, இன்ஜின் சூடாவதால் கூலன்ட் வெளியே தள்ளப்படுகிறதா? வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் வேறு. சமதளத்தில், இரவு முழுக்க நின்ற வண்டியில், டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் கூலன்ட் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். சில நாள் ஓட்டி, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். மீட்டர் ஏறாத நாளிலும் கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே வந்தால் அது கசிவு, சூடாவது அதன் விளைவு. மட்டம் அப்படியே இருந்து, ஒரு நாள் சூடான பிறகு மட்டும் சட்டென்று இறங்கினால், கொதித்து வெளியேறியிருக்கிறது. அப்போது ஃபேன், அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மூடி என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

எப்போது சூடாகிறது என்பதும் நிறையச் சொல்லும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் ஃபேன்தான்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார் இவற்றில் ஒன்று. நின்றால் சரியாக இருந்து, ஏற்றத்திலோ நீண்ட வேகத்திலோ ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்ப் சரியாகத் தள்ளாமல் இருக்கலாம், கூலன்ட் குறைவாக இருக்கலாம், கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். உங்களுடையது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது.

மீட்டர் முள்ளை முழுசாக நம்பாதீர்கள். பல வண்டிகளில் கணிசமான டிகிரி வித்தியாசம் வரைக்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். முள் அசையும்போது நிலைமை முற்றியிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். இன்னொன்று, கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மீட்டர் குறைவாகக் காட்டலாம்.

அப்புறம் அந்த மூடி, ரேடியேட்டரிலோ கூலன்ட் டேங்கிலோ இருப்பது. இதை யாரும் மதிப்பதில்லை என்பது என் வருத்தம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். அதையே 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 125 டிகிரி வரை தாங்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான், குக்கருக்கு வெயிட் மாதிரி. ரப்பர் வெடித்திருந்தால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து ஆவியாகப் போய்விடும், தரையில் சொட்டாது. மூடியின் மேல் அந்த அழுத்த அளவு 0.9, 1.1 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். மாற்றினால் அதே எண்தான் வேண்டும். ரேடியேட்டரில் மூடியும் தனியாக ஒரு ரிசர்வ் பாட்டிலும் உள்ள வண்டி என்றால், ஆறிய பிறகு மேல் ஹோஸ் (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் ரப்பர் குழாய்) சப்பிப்போய் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மூடியின் வால்வு பாட்டிலிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே விடவில்லை. பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும்.

தரையில் ஈரம் இல்லை என்பதால் வெளிக்கசிவு இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஊசிமுனை அளவு கசிவு சூடான இடத்தில் பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். கீழே பிளாஸ்டிக் தட்டு உள்ள வண்டிகளில் சொட்டு அதிலேயே தங்கிவிடும். என்னை அதிகம் அலையவிட்ட கசிவு ரேடியேட்டரின் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பில் இருந்தது. வண்டி ஆறியிருக்கும்போது தொட்டால் காய்ந்திருக்கும். டார்ச் அடித்து, கைக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தபோது மடிப்பின் கீழே நகத்தின் அகலத்துக்கு வெளிறிய ரோஸ் நிறப் படிவு தெரிந்தது. பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றியதும், அந்தப் படிவுக்கு மேலே ஒரு சின்ன முத்து உருவாகி, மெதுவாகப் பெருத்து, வழிந்தது. அதைப் பார்க்கும் வரை அந்த வண்டியிலும் ஹெட் கேஸ்கெட் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படிவைத்தான் நீங்களும் தேட வேண்டும். கூலன்ட் காய்ந்தால் அதன் நிறத்திலோ வெள்ளையாகவோ பொருக்கு விட்டுப்போகும். ஹோஸ் முனைகள், கிளாம்ப்கள், தெர்மோஸ்டாட் கூட்டின் ஓரம் (மாற்றியிருக்கிறீர்கள் என்பதால் அங்கே கூடுதல் கவனம்), வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை. பம்பின் உள்சீல் போனால் அந்தத் துளை வழியாகத்தான் கசியும், அதற்கென்றே வைத்தது அது.

வண்டிக்குள்ளேயும் பாருங்கள். ஹீட்டர் போட்டால் இனிப்பான ஒரு வாசனை, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்குப் படலம், டேஷ்போர்டுக்குக் கீழே கால்மிதியின் அடியில் ஈரம் என்றால் ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். என்னைக் கேட்டால் முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். அதைத் தாண்டி ஏற்றக் கூடாது, நல்ல ஹோஸும் பிய்ந்துவிடும். பம்பில் இருக்கும் அழுத்தமானியின் முள் அப்படியே நின்றால் சிஸ்டம் பெரும்பாலும் இறுக்கமாக இருக்கிறது, மூடியைத் தனியாகச் சோதியுங்கள். முள் இறங்கி, வெளியே எங்கோ ஈரம் தெரிந்தால் வேலை முடிந்தது. முள் இறங்குகிறது, வெளியே எங்கேயும் ஈரமில்லை, ஹீட்டர் பக்கமும் காய்ந்திருக்கிறது என்றால் உள்ளேதான் போகிறது. கேஸ்கெட் பேச்சுக்கு இடம் வருவது இங்கேதான்.

அதற்கும் தனிச் சோதனைகள் உண்டு. எளிதானதை நீங்களே செய்யலாம். முழுக்க ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, மறுபடி மூடி, ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கூலன்ட் சூடாவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததல்ல, சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு ஏறுகிறது. மெக்கானிக் செய்யக்கூடியது நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை. டேங்கின் வாயில் வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். ஆறியிருக்கும்போதே கருவியைப் பொருத்திவிட்டு, பிறகு இன்ஜினைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். மிகச் சின்னக் கசிவு ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) காட்டாமல் போகலாம் என்பதால் ஒரு தடவை நிறம் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் இருந்தால் அந்தச் சிலிண்டர்தான்.

ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பசை இருந்தாலே கேஸ்கெட் என்று சொல்லிவிடுகிறார்கள். குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதத்தாலும் அது வரும். டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலே பால் கலந்த நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையும் அப்படித்தான், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வருவது நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது.

டீசல் வண்டியா என்று நீங்கள் சொல்லவில்லை. டீசல் என்றால் ஹெட்டைக் கழற்றும் முன் ஈஜிஆர் கூலரை (இன்ஜினுக்குத் திரும்பப் போகும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும், தரையில் ஒன்றும் தெரியாது, அறிகுறிகள் கேஸ்கெட் போனதுபோலவே இருக்கும்.

தெர்மோஸ்டாட் மாற்றியபோது கூலன்ட் இறக்கியிருப்பார்கள். மறுபடி நிரப்பும்போது காற்று சரியாக வெளியேறாமல் ஏர் லாக் ஆகியிருந்தால், முதல் சில ஓட்டங்களில் மட்டம் இறங்குவதும் திடீரென்று சூடாவதும் நடக்கும். இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் அதற்கான அடையாளம். வண்டியின் கையேட்டில் சொன்ன முறையில் காற்றை எடுத்துவிட்டுத்தான் மார்க்கர் கோட்டுச் சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். ஹீட்டர் கோர், ரேடியேட்டர் இவற்றின் மெல்லிய குழாய்களிலும் அது போய் அடைக்கும், பிறகு அசல் கோளாறைத் தேடுவதே கஷ்டமாகிவிடும்.

அதுவரை ஓட்டலாமா என்றால்: மட்டம் மெதுவாகத்தான் இறங்குகிறது, ஹோஸ் இறுகவில்லை, புகை இல்லை என்றால், தினமும் காலையில் மட்டம் பார்த்து, சரியான கலவையை எடுத்துக்கொண்டு, கிட்டத்து வேலைகளுக்கு மட்டும் ஓட்டலாம். மிச்சக் கலவையைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள், ருசி இனிப்பு, உள்ளே போனால் கடும் விஷம். வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். மேல் ஹோஸைக் கையில் பிடிக்க முடிந்து, அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ஹோஸ் இறுகுவதும் வெள்ளைப் புகையும் சேர்ந்து வந்தால் ஓட்டவே வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் நிறைந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம், அப்புறம் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.